முதல் ஆல்பம், ஆனால் முதல் முயற்சி அல்ல: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், 1989-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஸ்டோன் ரோசஸ்' என்ற ஆல்பத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த நால்வர் குழு தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட முதல் ஆல்பம் அது என்பதும், பின்னால் வந்த பிரிட்டிஷ் கிட்டார் குழுக்கள் பல அதன் நிழலிலேயே வளர்ந்தன என்பதும் அந்த அரைப் பக்கத்தின் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழனி மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்தவை. நான் கொடைக்கானலில் குடியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். மலையில் வீட்டுக்கு வீடு ஒரு பழைய கிட்டார் இருப்பதும், மழை பிடித்துக்கொண்டால் அதை எடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போவதும் மற்றொரு காரணமாக இருக்கலாம். இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

*கேள்வி: ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். பாடகரின் குரலில் வலுவே இல்லை. சில இடங்களில் முணுமுணுப்பது போல இருக்கிறது. இதைப் போய் எப்படி உயர்ந்த ஆல்பம் என்கிறீர்கள்?*
— கல்லூரி மாணவி, பெருமாள்மலை

பதில்: குரலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. இயன் பிரவுன் குரல்வளம் மிக்க பாடகர் அல்லர்; மேடையில் அவர் சுருதி விலகிப் பாடுவார் என்பதை அவருடைய ரசிகர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்த ஆல்பத்தில் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்பது, நாதஸ்வரக் கச்சேரிக்குப் போய் ஒத்து ஊதுபவரை மட்டும் கவனித்துவிட்டுத் திரும்புவதைப் போன்றது. இங்கே கேட்க வேண்டியது தவிலை. அதாவது, ரெனி என்று அழைக்கப்படும் ஆலன் ரென் வாசிக்கும் டிரம்ஸையும், மானி என்று அழைக்கப்படும் கேரி மௌன்ஃபீல்டின் பேஸ் கிட்டாரையும்.

முதல் பாடலான 'ஐ வான்னா பி அடோர்ட்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அரை நிமிடத்துக்கும் மேலாக, தொலைவில் ஏதோ இயந்திரம் ஓடுவதைப் போன்ற இரைச்சல் மட்டுமே கேட்கிறது. பிறகு பேஸ் தனியாக நடந்து வருகிறது. அதன் பின்னால் ஜான் ஸ்கொயரின் கிட்டார். அதற்கும் பின்னால் டிரம்ஸ். பாடகர் வாய் திறப்பதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கடந்துவிடுகிறது. கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனிக்குள் நின்றவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது: எதிரே வருபவரின் காலடி ஓசை முதலில் எட்டும், பிறகு உருவம் தெரியும், முகம் கடைசியில்தான் தெரியும். முகம் தெரியும் நேரத்தில் அவர் உரக்கக் கத்தினால் நன்றாகவா இருக்கும்? பிரவுன் மெதுவாகப் பாடுவதே அங்கு பொருந்துகிறது.

இதற்கு ஒரு காலப் பின்னணியும் உண்டு. 1980-களின் பிரிட்டனில் கிட்டார் குழுக்களைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மேடைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பவர்கள். அதே பத்தாண்டின் இறுதியில், மான்செஸ்டரின் ஹாசியெண்டா போன்ற நடன அரங்குகளில், அமெரிக்காவிலிருந்து வந்த ஹவுஸ் இசைக்கு இளைஞர்கள் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இசை இயந்திரத் தாளத்தால் ஆனது. இந்த இரு கூட்டங்களும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், கிட்டாரின் மெட்டையும் ஆட்டக்காரரின் உடலையும் ஒரே பாட்டில் சேர்த்துவைத்தது இந்தக் குழு. இயந்திரத்தை நம்பாமல், ஒரு மனிதரின் இரு கைகளையும் இரு கால்களையும் வைத்து அதைச் செய்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 'ஷீ பேங்ஸ் த டிரம்ஸ்' பாடலின் தொடக்கத்தை ஹெட்போனில் மூன்றாவது முறையாகக் கேளுங்கள். உங்கள் கால் தாளம் போடத் தொடங்கினால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். போடாவிட்டால் ஆல்பத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் ரசித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

*கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் ஒரு குழு நடத்துகிறோம். சொந்தமாக எட்டுப் பாடல்கள் உள்ளன. கைப்பேசியிலேயே பதிவு செய்து இந்தக் கோடைக்குள் ஆல்பமாக வெளியிட எண்ணுகிறோம். ஸ்டோன் ரோசஸைப் போல முதல் ஆல்பத்திலேயே பெயர் வாங்க என்ன செய்ய வேண்டும் ஐயா?*
— கிட்டார் பயிலும் மாணவர், குன்னூர்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு சிறிய பிழை இருக்கிறது. அந்தப் பிழைக்கு வழிவகுத்தது சென்ற இதழில் நான் எழுதிய அரைப் பக்கமே என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1989-இல் வெளிவந்தது அவர்களுடைய முதல் ஆல்பம் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பதிவு செய்த முதல் ஆல்பம் அது அன்று.

குழு உருவானது 1983-இல். பிரவுனும் ஸ்கொயரும் மான்செஸ்டரை ஒட்டிய ஆல்ட்ரிங்கம் ஊரின் பள்ளிக் காலத்திலிருந்தே பழக்கம். ரெனி 1984-இல் வந்து சேர்ந்தார். 1985-இல், மார்ட்டின் ஹானெட் என்ற தயாரிப்பாளரிடம் சென்று ஓர் ஆல்பத்துக்கு வேண்டிய பாடல்கள் முழுவதையும் பதிவு செய்தார்கள். ஹானெட் சாதாரணமானவர் அல்லர். 1979-இல் ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அந்தப் பனிக்கட்டி போன்ற ஒலியைத் தந்தவர் அவர்தான். ஊர் அறிந்த தயாரிப்பாளர், பாடல்கள் தயார், வயதும் இருபதுகளின் தொடக்கம். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நீங்கள் வெளியிட்டிருப்பீர்கள், நானும் வெளியிட்டிருப்பேன். பதிவானவற்றிலிருந்து ஒரு சிங்கிள் (ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட தனித் தட்டு) மட்டும் அந்த ஆண்டு வெளிவந்தது. முடிவில் குழுவுக்குத் திருப்தி ஏற்படாததால், எஞ்சியவை பெட்டிக்குள் போயின. குழு கலைந்த 1996-இல்தான் அந்தப் பதிவுகள் 'கராஜ் ஃப்ளவர்' என்ற பெயரில் வெளியே வந்தன.

அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1987-இல் 'சாலி சின்னமன்' என்ற சிங்கிள் வெளிவந்தது. இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த மெட்டு அதில்தான் முதன்முறையாகத் தலை நீட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மானி பேஸ் வாசிக்க வந்தார். ரெனியின் தாளத்துக்குக் கால் கிடைத்தது. 1988-இல் 'எலிஃபன்ட் ஸ்டோன்' பாடலை நியூ ஆர்டர் குழுவின் பீட்டர் ஹூக் தயாரித்தார். அதற்குப் பின்னரே ஜான் லெக்கி என்ற தயாரிப்பாளரோடு, லண்டன் ஸ்டுடியோக்களிலும் வேல்ஸின் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவிலும் நீங்கள் கேட்ட ஆல்பம் பதிவானது. இந்த ஆண்டுகளில் ஒரு கட்டத்தில் ஸ்கொயர், குழந்தைகளுக்கான பொம்மைப் படங்கள் தயாரிக்கும் காஸ்குரோவ் ஹால் நிறுவனத்தில் உருவங்கள் செய்யும் வேலை பார்த்துச் சம்பாதித்தவர் என்பதையும், உங்கள் வீட்டில் 'முதலில் ஒரு வேலையைத் தேடு' என்ற பேச்சு எழும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 'ஐ வான்னா பி அடோர்ட்', 'திஸ் இஸ் த ஒன்' ஆகிய இரண்டு பாடல்களும் 1985 பதிவிலும் உண்டு, 1989 ஆல்பத்திலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழைய பதிவில் குழுவினர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களைப் போல வாசிக்கிறார்கள், பிரவுன் கத்துகிறார், எல்லாரும் எல்லா நேரமும் வாசிக்கிறார்கள். புதிய பதிவில் அதே மெட்டு, ஏறத்தாழ அதே சொற்கள். ஆனால் யார் எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில் அவர்கள் கற்றது பெரும்பாலும் அதுதான் என்பது என் கணிப்பு.

எனவே, உங்கள் எட்டுப் பாடல்களைத் தயங்காமல் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை வெளியிடாமல், அடுத்த மழைக்காலம் வரை மூடி வையுங்கள். பிறகு நால்வரும் ஒன்றாக அமர்ந்து கேளுங்கள். எட்டில் இரண்டு தேறினால் போதும். அவர்களுக்கும் அந்தப் பழைய பதிவிலிருந்து இந்த ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தவை இரண்டே இரண்டுதான்.

*கேள்வி: நால்வரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்ததாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தவறல்லவா?*
— வாசகர், லவ்டேல்

பதில்: தவறுதான். முதலில் பேஸ் வாசித்தவர் பீட் கார்னர். ஆண்டி கௌசன்ஸ் என்ற இரண்டாவது கிட்டார் கலைஞரும் அப்போது இருந்தார். குன்னூர்த் தம்பிக்கு எழுதிய பதிலில் திருத்திக்கொண்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகே திருத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*கேள்வி: நான்காவது பாடலான 'டோண்ட் ஸ்டாப்', மூன்றாவது பாடலான 'வாட்டர்ஃபால்' பாடலைத் தலைகீழாக ஓட்டியது என்கிறான் என் தம்பி. தலைகீழாக ஓட்டினால் பாட்டு எப்படிக் கிடைக்கும்?*
— வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மை. 'வாட்டர்ஃபால்' பாடலின் டேப்பைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டி, அதன் மேல் புதிதாகக் குரலையும் தாளத்தையும் சேர்த்து அமைத்ததே 'டோண்ட் ஸ்டாப்'. தலைகீழாக ஓடும் குரல் என்ன சொற்களைப் போலக் காதில் விழுந்ததோ, அவற்றிலிருந்தே புதிய வரிகளையும் எழுதினார்கள்.

தமிழருக்கு இது புதிதன்று என்று நீங்கள் நினைக்கலாம். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு 'விகடகவி' தெரியும். ஆனால் எழுத்தைத் திருப்புவது வேறு, ஒலியைத் திருப்புவது வேறு. 'விகடகவி' என்று சொல்லிப் பதிவு செய்து, அதைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள், 'விகடகவி' வராது. ஒவ்வோர் உயிர்மெய்க்குள்ளும் மெய் முன்னால், உயிர் பின்னால் என்ற வரிசை புரண்டுபோவதால், 'இவகடகிவ்' என்பது போல ஏதோ ஒன்று வரும். கிட்டாருக்கும் இதே கதிதான். தந்தியை மீட்டிய நொடியில் ஒலி சட்டென்று உயர்ந்து பிறகு மெல்லத் தேயும். திருப்பி ஓட்டினால் ஒன்றுமில்லாததிலிருந்து மெல்லப் பெருகி, உச்சிக்கு வந்த நொடியில் அறுந்துவிடும். 'டோண்ட் ஸ்டாப்' முழுவதும் ஏதோ உள்ளிழுக்கப்படுவது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

தயாரிப்பாளர் லெக்கிக்கு இத்தகைய வேலைகள் கைவந்த கலை. 1970-களின் தொடக்கத்தில் லண்டன் அபே ரோட் ஸ்டுடியோவில் டேப் இயக்கும் பணியாளராகத் தொடங்கி, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தின் பதிவில் வேலை செய்தவர். இடையில் ரஜனீஷின் சீடராகி, 1985-இல் ஓர் இசைத்தட்டில் 'சுவாமி ஆனந்த் நாகரா' என்ற பெயரையே போட்டுக்கொண்டவர். ஸ்டோன் ரோசஸுக்குப் பிறகு ரேடியோஹெட் குழுவின் 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் இந்தச் சுவாமியே.

*கேள்வி: அட்டையில் பெயிண்டை வாரித் தெளித்துவிட்டு எலுமிச்சைத் துண்டுகளை வைத்திருக்கிறார்களே, திருஷ்டி கழிக்கவா?*
— வாசகர், உதகமண்டலம்

பதில்: மலையேறும் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. அட்டை ஓவியத்தை வரைந்தவர் கிட்டார் வாசிக்கும் ஸ்கொயரே. பெயிண்டைத் தெளித்தும் சொட்டவிட்டும் வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வழியில் அமைந்தது அது. ஓரத்தில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று வண்ணங்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? 1968 மே மாதத்தில் பாரிஸ் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போலீசாரோடு மோதியபோது, கண்ணீர்ப்புகையின் எரிச்சலுக்கு மாற்று மருந்தாக எலுமிச்சையைக் கையில் வைத்திருந்தார்களாம். அந்தக் கலகத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரை ஐரோப்பியப் பயணத்தில் சந்தித்த பிரவுன், இதை வந்து சொல்ல, ஸ்கொயர் வரைந்தார். ஓவியத்தின் பெயரும் ஆல்பத்தின் ஐந்தாவது பாடலின் பெயரும் ஒன்றே: 'பை பை பேட்மேன்'. மெட்டு தாலாட்டைப் போலக் கேட்கும் அந்தப் பாடல், உண்மையில் கல்லெறிபவர் பாடும் பாடல். இனிப்பான மெட்டுக்குள் கசப்பான சொல்லை மறைத்து வைப்பது இந்த ஆல்பம் முழுவதிலும் காணப்படும் வழக்கம்.

*கேள்வி: 'எலிசபெத் மை டியர்' பாடலின் மெட்டைச் சிறுவயதில் பள்ளிப் பாடற்குழுவில் பாடிய நினைவு இருக்கிறது. அரசியை ஏன் இப்படி ஏச வேண்டும்?*
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உதகமண்டலம்

பதில்: உங்கள் நினைவு சரியானது, அம்மா. 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாடலின் மெட்டு அது. காவடிச்சிந்து மெட்டில் அரசியல் பாட்டு கட்டிய நம் ஊர் வழக்கத்தை ஒத்தது. முடியாட்சி வேண்டாம் என்பவர்கள் பிரிட்டனில் எப்போதும் உண்டு. இவர்கள் அந்தக் கட்சி. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: என்னிடம் உள்ள ஆல்பத்தில் 13 பாடல்கள், நண்பரிடம் 11. எது சரி?*
— வாசகர், பூம்பாறை

பதில்: 1989-இல் பிரிட்டனில் வந்தது 11 பாடல்களோடுதான், ஏறத்தாழ 49 நிமிடம். 'எலிஃபன்ட் ஸ்டோன்', 'ஃபூல்ஸ் கோல்ட்' ஆகிய இரண்டும் அமெரிக்கப் பதிப்புகளில் பின்னர் சேர்ந்தவை. 'ஃபூல்ஸ் கோல்ட்' அற்புதமான பாடல், அவர்களுக்குப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடம் பெற்றுத் தந்தது. ஆனாலும் 'ஐ ஆம் த ரெசரக்ஷன்' முடிந்த பிறகு வேறெதுவும் ஒலிக்கக் கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான்.

*கேள்வி: இவ்வளவு பெரிய குழு அதன் பின் ஏன் காணாமல் போயிற்று? செல்வாக்கு மிக்கது என்கிறீர்களே, யார் மேல் செல்வாக்கு?*
— காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

பதில்: முதல் பாதிக்கு முதலில். 1990 மே 27 அன்று, இரசாயன ஆலைகள் சூழ்ந்த விட்னெஸ் ஊரின் ஸ்பைக் ஐலண்ட் திடலில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் முன்னிலையில் வாசித்தார்கள். காற்று ஒலியை வாரிக்கொண்டு போனதால் பலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்படியும் அங்கே இருந்தோம் என்று பெருமை பேசுபவர்கள் இன்றுவரை உண்டு. பிறகு சில்வர்டோன் என்ற இசைநிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் தொடர்பாக வழக்கு நடந்தது. 1991-இல் நீதிமன்றம் குழுவை விடுவித்தது. இரண்டாவது ஆல்பமான 'செகண்ட் கமிங்' வந்தபோது 1994 டிசம்பர் ஆகிவிட்டது. மிளகுக்கொடி காய்க்கும் பருவத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1995-இல் ரெனியும் 1996-இல் ஸ்கொயரும் விலக, அந்த ஆண்டே குழு கலைந்தது. 2012-இல் மீண்டும் சேர்ந்து மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் மூன்று இரவுகள் வாசித்தது தனிக்கதை.

அந்த இடைவெளியில் காலி இடத்தைப் பிடித்தவர்கள் யார் என்பதே உங்கள் இரண்டாம் பாதிக்குப் பதில். 1994 ஆகஸ்டில், 'செகண்ட் கமிங்' வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே மான்செஸ்டரின் ஒயாசிஸ் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் பாடகர் லியம் கேலகர், ஸ்டோன் ரோசஸின் நிகழ்ச்சியைப் பார்த்த பிறகே பாடகராக விரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். நடை, தலைமுடி, மைக் முன்னால் நிற்கும் அலட்சியம் எல்லாவற்றிலும் பிரவுனின் சாயல் தெரியும். அந்த ரசிகரும் ஸ்கொயரும் சேர்ந்து 2024-இல் ஓர் ஆல்பமே வெளியிட்டார்கள். 2004-இல் 'அப்சர்வர்' இதழும் 2006-இல் 'என்.எம்.இ.' இதழும் வெளியிட்ட சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியல்களில் முதலிடம் 'தி ஸ்டோன் ரோசஸ்' ஆல்பத்துக்கே.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பின்னால் வந்தவர்கள் அலட்சியத்தை எளிதாகக் கற்றுக்கொண்டார்கள். ஸ்கொயரின் மெட்டுகளையும் ஓரளவு கற்றார்கள். ரெனியின் தாளத்தை ஏறத்தாழ யாருமே கற்கவில்லை. ஒயாசிஸின் முதல் ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள்: பாடுவதற்கு ஏற்ற இசை, ஆடுவதற்கு ஏற்றது அன்று. மகன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டான், நடையைக் கற்கவில்லை.

*கேள்வி: கடைசிப் பாடலில் பாட்டு பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மீதி நான்கு நிமிடம் வெறும் வாத்தியம். அதைத் தாண்டிச் சென்றால் குற்றமா?*
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: குற்றம்தான். 'ஐ ஆம் த ரெசரக்ஷன்' எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாடல். பிரவுன் முதல் பாதியிலேயே தன் பங்கை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். எஞ்சிய மூவரும் அதன் பிறகுதான் உண்மையில் தொடங்குகிறார்கள். கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊர்களில் வெள்ளை உடுத்து வட்டமாக நின்று ஆடும் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்ப்பவருக்கு ஒரே அடவு திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். வட்டத்துக்குள் நுழைந்தவருக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மாறுவது காலில் தெரியும். இந்த நான்கு நிமிடமும் அப்படித்தான். நின்றுவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ரெனி மறுபடியும் எடுப்பார்.

1991 வாக்கில் எனக்குக் கிடைத்த கேசட்டில், மழைக்காலத்து ஈரத்தால் டேப்பில் பூஞ்சணம் பிடித்து, இந்த இரண்டாம் பாதி மட்டும் தண்ணீருக்கடியில் ஒலிப்பது போல ஆகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துச் சுத்தமான பிரதியைக் கேட்டபோதுதான், ஸ்கொயரின் கிட்டார் அங்கே இரண்டு அடுக்காக ஓடுவது தெரிந்தது. உங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டுக்குப் பேருந்தில் இறங்கும்போது, முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அந்தப் பாடலைப் போடுங்கள். தாண்டிச் செல்லும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.